ஐந்தாம் கிரேடு இடம்

தார்கான், 3 மார்ச் 2008

தாம்தினுக்கு,

நம் பிப்ரவரிப் புத்தாண்டு முடிந்து மூன்று வாரத்தில் பதினோரு தடவை போன் அடித்திருக்கிறாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் என் கோபம் இறங்கிவிடும். அது தெரிந்துதான் நீயும், "அடுத்த புத்தாண்டுக்கு வீட்ல இருப்பேன் செவ்ஜி" என்று சிரித்து மழுப்பிவிட்டு வைத்துவிடுகிறாய். மூன்று வருஷமாக இதே பாட்டு. இனி எழுது. எழுத்தில் உன் சிரிப்பு வராது. எடுத்து வைத்துக்கொண்டு நான் கேள்வியும் கேட்கலாம்.

இந்த வருஷமும் முந்நூறு கறிக் கொழுக்கட்டை பிடித்தேன். வந்தவர்கள் எல்லோரும் தின்றுகொண்டே, "தாம்தின் எப்ப வர்றான்?" என்று கேட்டார்கள். யெசூய் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, அப்பா கொரியாவுலயே தங்கிட்டார்னு ஒரு அட்டையில எழுதி வாசல்ல மாட்டிடலாமா?" நீ போனபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது என் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம்மோடு தொழிற்பள்ளியில் படித்த ஓய்தோவ்தான் இப்போது அனல் மின் நிலையத்தில் தலைமை வெல்டர். கடையில் பார்த்தபோது சொன்னான்: "ஜூன்ல ஒரு அஞ்சாம் கிரேடு இடம் காலியாகுது. உன் புருஷன் இன்னும் வெல்டிங் ராடு பிடிக்கிறானா, இல்ல மறந்தே போயிட்டானா?" உன்னைவிட நன்றாகப் பிடிப்பான் என்று பதில் சொல்லிவிட்டு வந்தேன். போகும்போது நீ மூன்றாம் கிரேடு. பரீட்சை எழுதி ஐந்து வாங்கு, வேலையில் உட்கார். ஜூன் கடைசி வரை இடத்தை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு செர்மாவின் மகள் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள். அவள் கையில் இதைக் கொடுக்கிறேன். பதிலையும் யார் கையிலாவது கொடுத்தனுப்பு.

செவ்ஜித்


ஷிஹங், 23 மார்ச் 2008

செவ்ஜி,

சரி, எழுதுகிறேன். சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், அதை உன்னால் தடுக்க முடியாது.

ஓய்தோவிடம் சொல்: தாம்தின் ராடு பிடிப்பதில்லை, ஆர்கான் வாயு வெல்டிங் பிடிக்கிறான். பால் தொட்டி, சோயா சாறு தொட்டி, எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. நான் ஒட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கொரியாக்காரனே வந்து நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறான். ஆறாம் கிரேடுக்கு மேல் ஒன்று வைத்திருந்தால் அதையும் வாங்கியிருப்பேன்.

ஆனால் ஒன்றை யோசி. இங்கிருந்து யார் ஊருக்குத் திரும்புகிறார்கள்? மூட்டை தூக்குகிறவன், தரை கூட்டுகிறவன், முதுகு போனவன், போலீஸில் மாட்டியவன். கைத்தொழில் தெரிந்தவனை முதலாளி விடுவதேயில்லை. நம் பல்ஜிர் போன மாதம் ஊர் வந்தானே, ஆறு வருஷமும் இரும்புத் தகடு தூக்கினவன். நானும் இப்போது வந்து இறங்கினால் தார்கானே என்ன பேசும்? "பாரு, இவனையும் துரத்திட்டாங்க" என்றுதானே.

பரீட்சை வேறு எழுதவேண்டுமா? இருபது வயதுப் பயல்களோடு வரிசையில் நின்று, அதுவும் ஓய்தோவ் முன்னால்? பள்ளிக்கூடத்தில் என் ஜாயின்டைப் பார்த்துக் காப்பி அடித்தவன் அவன். நேராக ஐந்தைக் கொடுக்கச் சொல், வருகிறேன்.

இன்னொன்று. விசா இல்லாதவனுக்கு இங்கே ஒரு கதவுதான் உண்டு, அது வெளியே போகிற கதவு. போனால் போனதுதான். அதனால் அவசரப்படுத்தாதே. யெசூய்க்கு ஒரு ஜோடி விளையாட்டுச் செருப்பு அனுப்பியிருக்கிறேன். உனக்குச் சரியாக இருந்தால் நீயே போட்டுக்கொள்.

தாம்தின்


தார்கான், 14 ஏப்ரல் 2008

தாம்தின்,

செருப்பு யெசூய்க்குச் சின்னது, எனக்கும் சின்னது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக்கொண்டு திரிகிறது.

பல்ஜிர் வீட்டுக்கு வந்திருந்தான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, கோபித்துக்கொள்ளாதே. புகழ்ந்து தள்ளினான். "அண்ணி, அண்ணன் ராஜா மாதிரி ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பார். டேங்க் உருளை மேல தானா சுத்தும். அண்ணன் கை அசையாது, நெருப்பு மட்டும் அசையும்!" நான் டீயை ஊற்றிக்கொண்டே கேட்டேன்: "அப்ப கீழ்ப்பக்கம் ஒட்டறது யாரு?" அவன் முழித்தான். "கீழ்ப்பக்கம்னே ஒண்ணு கிடையாது அண்ணி, அதுவும் சுத்தி மேல வந்துடும்."

தாம்தின், இங்கே குழாய் சுற்றாது. சுவரிலும் பள்ளத்திலும் பதித்து வைத்த குழாய் அது. நான் கிரேன் ஓட்டுகிறவள்தான், ஆனால் வெல்டர்கள் மண்ணில் மல்லாந்து கிடப்பதை இருபது வருஷமாக மேலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஓய்தோவ் பரீட்சைக்கு வைப்பதும் அசையாத குழாய்தான். ஆர்கான் கிடையாது, ராடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துண்டுக் குழாயைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகு. உனக்குக் கை இருக்கிறது, பழகினால் வந்துவிடும்.

பல்ஜிர் இன்னொன்றும் சொன்னான். தொட்டிகளின் காகிதத்தில் எல்லாம் முதலாளியின் அக்கா மகன் பெயர்தானாமே? வெல்டிங் லைசென்ஸ் அவனிடம்தானாமே? இதை நீ எனக்கு எழுதவேயில்லை.

வீடு வாங்கத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொல்கிறாய். வீடு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. நீ எதற்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். கிரேனில் எனக்கு ஐந்தாம் கிரேடு கொடுத்த அந்த வாரம் குழாய்ப் பிரிவுப் பயல்கள், "என்ன தாம்தின், வீட்ல மேடம் உத்தரவு போட்டாத்தான் சாப்பாடா?" என்று கேட்டார்கள். அடுத்த மாதமே நீ விமானம் ஏறிவிட்டாய். அன்றைக்கு நான் அந்தக் கிரேடு புத்தகத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும் என்று சில நாள் நினைத்திருக்கிறேன். இப்போது நினைப்பதில்லை.

இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே. ஜூனுக்குள் வந்து சேர். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செவ்ஜித்


ஷிஹங், 11 மே 2008

செவ்ஜித்,

எனக்கு வெல்டிங் கற்றுத் தர ஆரம்பித்துவிட்டாயா? நல்லது. நான் இங்கிருந்து உனக்குக் கிரேன் ஓட்டக் கற்றுத் தருகிறேன்.

ஒட்டத் தெரிந்தவனுக்கு மேல் என்ன, கீழ் என்ன? மீனுக்கு யாராவது ஞாயிற்றுக்கிழமை நீச்சல் பழகச் சொல்வார்களா? இரும்பு இரும்புதான், தாம்தின் தாம்தின்தான்.

லைசென்ஸ் விஷயம் எழுதவில்லை, உண்மை. எழுதி என்ன ஆகப்போகிறது? காகிதம் இல்லாதவன் பெயரைக் காகிதத்தில் போடமுடியுமா? முதலாளிக்குத் தெரியும் யார் கை என்று. அது போதும்.

போன வாரம் பக்கத்துப் பட்டறையில் அதிகாரிகள் புகுந்து நாலு தாய்லாந்துக்காரர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் முதலாளி அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார். "தாம், நீ போயிடாதே. கன்டெய்னர்ல படுக்க வேண்டாம், மாடியில ரூம் தர்றேன், ஹீட்டர் இருக்கு. இன்னும் நாலு வருஷம் இரு." ஊரில் எவனாவது என்னிடம் 'போயிடாதே' என்று சொல்லியிருக்கிறானா?

நீ எழுதியதில் ஒன்று உண்மை. அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. இப்போதும் தாங்காது. ஓய்தோவ் முன்னால் குனிந்து நின்று, அவன் போடுகிற கிரேடை வாங்கிக்கொண்டு, உனக்குக் கீழேயோ பக்கத்திலேயோ வந்து உட்கார எனக்கு இப்போது மனசில்லை. இந்த வருஷம் வரவில்லை. இடத்தை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

தாம்தின்


தார்கான், 2 ஜூன் 2008

தாம்தின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'நீங்கள்' என்று எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். முன்பின் தெரியாத ஆட்களிடம் நான் மரியாதையாகத்தான் பேசுவேன்.

சைன்ஷாந்தில் சிமென்ட் ஆலை கட்டுகிறார்கள். டவர் கிரேனுக்கு ஆள் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பத்தாம் தேதி போகிறேன், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புவேன். அங்கே போன் சிக்னல் கிடையாது. யெசூய் என் தங்கையின் கூடாரத்தில் ஆடுகளோடு இருப்பாள். வீட்டுச் சாவி செர்மாவிடம் இருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மாடி அறை, ஹீட்டர் எல்லாம் கிடைத்ததற்கு வாழ்த்துகள்.

செவ்ஜித்


தார்கான், 26 ஜூன் 2008

செவ்ஜி,

வந்துவிட்டேன்.

செர்மா கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து, "யார் வேணும்?" என்றாள். சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கடைசியில் என் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாங்கினேன். உன் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் ஊர் டீக்கு உப்பு போட வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன், பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது. தெற்கே போகிற ரயிலின் பெட்டிப் பணியாளரான ஒரு அம்மாவிடம் இதைக் கொடுக்கிறேன். சைன்ஷாந்தில் உன் கையில் கொடுப்பதாகச் சொல்கிறாள்.

ஏன் வந்தேன் என்று கேட்பாய். உன் 'அவர்களுக்கு' கடிதம் வந்த வாரம், தொட்டி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முதலாளிக்கு உதறல். "தாம், உள்ள போ, உள்ள போ!" என்று என்னைக் கக்கூஸில் தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியாள் யாராவது பார்த்துப் போட்டுக்கொடுத்தால் அவருக்கு அபராதம், எனக்கு விலங்கு. அது புதிதில்லை. பல தடவை அங்கே நின்றிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு அந்த ஆள் நான் ஒட்டிய தொட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். எனக்கு எல்லாம் கேட்டது. "இதை ஒட்டினது யாருங்க? முப்பது வருஷமா தொட்டி பார்க்கிறேன், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை" என்றார். முதலாளி, "என் அக்கா மகன்தான் சார், கூச்சப்படுவான்" என்றார். அவனுக்கு ஆர்கான் ஊசியைத் தீட்டக்கூடத் தெரியாது, செவ்ஜி. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கக்கூஸில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, என் வேலைக்கு அடுத்தவனுக்குத் தட்டுகிற கைதட்டலைக் கேட்டேன். 'அது நான்தான்டா' என்று தொண்டை வரை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவமானமாக இருந்தது. ஓய்தோவ் முன்னால் குனிந்து நிற்பது இதைவிடப் பெரிய அவமானமா என்று யோசித்தேன். இல்லை என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "நீ போயிட்டா டேங்க் யார் ஒட்டுவா?" என்றார் முதலாளி. "உங்க அக்கா மகன்" என்றேன்.

விமான நிலையத்தில் கைரேகை வாங்கிக்கொண்டு, ஐந்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று முத்திரை குத்தினார்கள். குத்தட்டும். நாளைக்கு ஓய்தோவைப் பார்க்கப் போகிறேன். அந்த ஐந்தாம் கிரேடு இடம் இன்னும் இருக்கும்தானே? ஜூன் முடிய நாலு நாள் பாக்கி இருக்கிறது.

தாம்தின்


சைன்ஷாந்த், 1 ஜூலை 2008

தாம்தின்,

ரயிலம்மா கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "புருஷனா? நல்லா தலை நரைச்சிருக்கு" என்றாள். நடைமேடையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்து அந்த அம்மாவையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். ரயில் போனபிறகும் அங்கேயே நின்றேன். சந்தோஷமாக இருக்கிறது, இதை ஒளிக்க எனக்குத் தெரியவில்லை.

அந்த முதலாளியின் அக்கா மகன் மட்டும் என் கிரேன் கீழே ஒரு நாள் வந்து நிற்கட்டும்.

ஒப்பந்தம் முடியாமல் என்னால் கிளம்ப முடியாது. ஆகஸ்ட் பதினான்கில் அங்கே இருப்பேன். அதற்குள் நீ பரீட்சை எழுதிவிடு. ஓய்தோவ் என்ன சொன்னாலும் அவனை அடிக்காதே. அவன் சொல்வதில் ஒரு விஷயம் உனக்குப் பிடிக்காது. அதை நானே நேரில் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். எழுத வரவில்லை, நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலில் பரீட்சையை எழுது.

செவ்ஜி


தார்கான், 24 ஜூலை 2008

செவ்ஜித்,

நீ கிழித்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று எனக்கு இப்போது தெரியும்.

பரீட்சையை முதலில் சொல்கிறேன். ஓய்தோவைப் பார்க்கப் போனபோது, முதலில் பரீட்சை எழுது, மற்றது அப்புறம் என்று அனுப்பிவிட்டான். அனல் மின் நிலையத்துக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் குழாயைக் கட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் ஐந்து பேர். மற்ற நாலு பேருக்கும் இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. ஒருவன், "மாமா, நீங்க பரீட்சை வைக்க வந்தவரா?" என்று கேட்டான். காற்று வேறு. மேல் பாதியை ஒட்டினேன் பார், ஓய்தோவே பக்கத்தில் வந்து குந்திப் பார்த்தான். பிறகு கீழ்ப் பாதிக்கு மல்லாந்து படுத்தேன். ஆறு வருஷத்தில் என் கை மேல்நோக்கி ஒரு தடவைகூட வேலை செய்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உருகியது எல்லாம் ஒட்டாமல் என் காலருக்குள் விழுந்தது. நீ ஏப்ரலில் எழுதியது ஞாபகம் வந்தது. நான் பதிலுக்கு எழுதிய மீன் கதையும் ஞாபகம் வந்தது.

எக்ஸ்ரே படத்தில் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. ஓய்தோவ் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மேல் பாதி ஆறாம் கிரேடு. கீழ்ப் பாதி சைபர். கூட்டி வகுத்தா மூணு. நீ போகும்போது என்ன கிரேடு வச்சிருந்த?"

"மூணு."

"ஆறு வருஷம் பத்திரமா வச்சிருந்திருக்க. கெட்டிக்காரன்தான்."

பயல்கள் சிரித்தார்கள். நீ சொன்னபடி அடிக்கவில்லை. அடுத்த பரீட்சை எப்போது, அதுவரை அந்த ஐந்தாம் கிரேடு இடத்தை வைத்திருப்பாயா என்று மட்டும் கேட்டேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "அந்த இடம் ஏப்ரல் முதல் வாரமே நிரம்பியாச்சே. செவ்ஜித் சொல்லலையா? மூணாம் கிரேடுக்கு ஒண்ணுதான் இருக்குன்னேன். அதையாவது வச்சிருன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து என் உசிரை எடுத்தாளே."

ஏப்ரல் முதல் வாரம். 'இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே' என்று நீ எழுதியது ஏப்ரல் பதினான்கு. எடுத்துப் பார்த்தேன். எழுதினால் எடுத்து வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று நீதானே சொன்னாய்.

இல்லாத இடத்துக்கு என்னை வரவழைத்திருக்கிறாய். ஐந்து வருஷம் திரும்பிப் போகவும் முடியாது. கிடைத்த அந்த மூன்றாம் கிரேடு வேலைக்கு மூன்று நாள் போகவில்லை, காரா ஆற்றுப் பாலத்தில் போய் நின்றேன். யெசூய் கூடாரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க போட்டோவுல இன்னும் உயரமா இருந்தீங்க" என்றாள். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், உப்பு சரியாக இருந்தது.

நாலாம் நாள் போனேன். ஊருக்கு வெந்நீர் விடுகிற பெரிய குழாயைப் பள்ளத்தில் மாற்றுகிறார்கள். செப்டம்பருக்குள் முடியாவிட்டால் ஊரே குளிரில் உட்காரும். மேஸ்திரி எண் செதுக்கிய ஒரு இரும்பு அச்சைக் கையில் கொடுத்தார். நாற்பத்தொன்று. ஒவ்வொரு ஜாயின்டையும் ஒட்டி முடித்ததும் பக்கத்தில் அவரவர் எண்ணைச் சுத்தியால் அடிக்க வேண்டும், ஒழுகினால் யாரைத் திட்டுவது என்று தெரியவேண்டுமே. முதல் ஜாயின்டில் நான் அடித்த அடியில் அந்த எண் ரெட்டையாக விழுந்துவிட்டது. மேஸ்திரி, "என்னய்யா, குழாயை ஓட்டை போடப் பார்க்கிறியா?" என்று கத்தினார். நான் சிரித்தேன். வெளியே வந்து குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினேன், ஏனென்றால் கண் கலங்கிவிட்டது.

இருந்தாலும் உன் மேல் கோபம் தீரவில்லை. மூன்றாம் கிரேடு இடம்தான் இருக்கிறது என்று ஏப்ரலிலேயே நேராக எழுதியிருந்தால் நான் வரமாட்டேன் என்று நினைத்தாயா? பதில் எழுது.

தாம்தின்


சைன்ஷாந்த், 3 ஆகஸ்ட் 2008

தாம்தின்,

ஆமாம், வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நெஞ்சில் கை வைத்துச் சொல், நீயும் அப்படித்தானே நினைக்கிறாய்?

பொய் சொன்னேன். ஐம்பது மீட்டர் உயரத்தில் காற்றில் ஆடுகிற பெட்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான். ஆனால் அந்த உண்மை உனக்குத் தெரியவரும்போது உன் முகத்துக்கு நேராக நிற்க எனக்குத் தைரியமில்லை. இங்கே ஓடி வந்ததற்கு உன் மே மாதக் கடிதத்தின் கோபம் பாதிக் காரணம், இது மீதிப் பாதி. ஓய்தோவுக்கு ஐந்தாம் கிரேடு வெல்டர் வேண்டியிருந்தது. எனக்கு என் புருஷன் வேண்டியிருந்தது. நீ தரை கூட்டுகிறவனாகத் திரும்பி வந்திருந்தாலும் நான் இதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு பொய் போதும், அதனால் இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே போன வாரம் கிரேடு பரீட்சை வைத்தார்கள். எழுதினேன். ஆறாம் கிரேடு கொடுத்துவிட்டார்கள். உனக்காக அதை மறைக்கப் போவதில்லை, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் போவதில்லை. நீ மூன்று, நான் ஆறு. தார்கான் சிரிக்கும். பள்ளத்தில் உன் பக்கத்தில் படுத்திருக்கிற பயல்களும் சிரிப்பார்கள். அது தாங்காமல்தான் நீ ஒரு தடவை கடல் தாண்டிப் போனாய். இந்தத் தடவை என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது இது ஒன்றுதான், அதனால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

பதினான்காம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு ரயில் தார்கான் வருகிறது. நடைமேடையில் நீ நின்றால் இறங்குவேன். நிற்காவிட்டாலும் இறங்குவேன், அது என் வீடு. ஆனால் நில்.

செவ்ஜி


தார்கான், 11 ஆகஸ்ட் 2008

செவ்ஜி,

இதை ரயிலம்மா நீ கிளம்புவதற்குள் கொடுத்துவிடுவாள்.

பதினான்காம் தேதி நடைமேடைக்கு வரமாட்டேன். பதறாதே, மேலே படி. ஸ்டேஷனுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் தண்டவாளத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டியிருக்கிறோம். நாலு மணிக்கு நான் அதற்குள் கிடப்பேன். மேஸ்திரியிடம் லீவு கேட்டேன், செப்டம்பருக்கு அப்புறம் பொண்டாட்டியைப் பார்த்துக்கொள் என்கிறார். கேட்ட கையோடு உனக்கு ஆறாம் கிரேடு கிடைத்ததையும் நானே சொல்லிவிட்டேன். எதிர்பார்த்தபடியே ஒருவன் ஆரம்பித்தான்: "அப்ப வீட்ல யாருண்ணே ஃபோர்மன்?" "அவதான், உனக்கும் வேணும்னா கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவ்வளவுதான். அடுத்த ராடை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். இதற்கா நான் ஆறு வருஷம் ஓடினேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

உன் கேள்விக்குப் பதில்: மூன்றாம் கிரேடு என்று எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டேன். அதனால் உன்னைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன்.

ரயில் ஊருக்குள் நுழையும்போது வேகம் குறையும். இடது பக்க ஜன்னலுக்கு வந்து நில். மேலிருந்து பார்த்துப் பழகியவள், கண்டுபிடித்துவிடுவாய். கீழ்ப் பாதி ஒட்டிக்கொண்டு மல்லாந்து கிடப்பவன் நான். கை காட்ட மாட்டேன், கையில் வேலை இருக்கும். நீ அங்கிருந்தே என் பெயரைச் சொல்லிக் கத்து. பள்ளத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கவேண்டும்.

தாம்தின்